எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மெனு

கேள்வி: ஜாங்கோவில் உருவாகும் ஒரு செய்தித்தளத்தில் பிரிவுகளின் மெனு, தளத்தின் பெயர், தொடர்பு எண் ஆகியவை எல்லாப் பக்கங்களிலும் வர வேண்டும். இவற்றை ஒவ்வொரு வியூவிலும் திரும்பத் திரும்ப எழுதாமல் ஒரே இடத்தில் வைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஜாங்கோவே ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்ததுதான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழின் இணையப் பிரிவில் உருவாகி, 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. இந்தத் தேவைக்கு அதில் இருப்பது ‘காண்டெக்ஸ்ட் பிராசஸர்’.

அது சாதாரண ஃபங்ஷன். ரிக்வெஸ்ட்டை வாங்கிக்கொண்டு ஒரு டிக்‌ஷனரியைத் திருப்பித் தரும். செட்டிங்ஸ் கோப்பில், டெம்ப்ளேட்ஸ் பகுதியில் இதற்கென உள்ள பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டால், ‘ரெண்டர்’ வழியாகப் போகும் எல்லா டெம்ப்ளேட்டுக்கும் அந்த மதிப்புகள் தாமாகவே கிடைக்கும். லாகின் செய்தவரை எந்த டெம்ப்ளேட்டிலும் ‘யூசர்’ என்று எழுத முடிவதும் இப்படித்தான்.

வசதி பெரிது என்பதாலேயே கவனமும் வேண்டும். இந்த ஃபங்ஷன் மெனு இல்லாத பக்கத்துக்கும் ஓடும், அட்மின் பக்கங்களுக்கும் ஓடும். பிரிவுகளை வெறும் குவரிசெட்டாகத் தந்தால் பிரச்சினை இல்லை. டெம்ப்ளேட் அதை லூப்பில் எடுக்கும்போதுதான் டேட்டாபேஸுக்குப் போகும். அதையே லிஸ்ட்டாக மாற்றித் தந்தால், யாரும் பார்க்காத மெனுவுக்காகவும் ஒவ்வொரு முறையும் ஒரு குவரி ஓடும். எப்போதாவது மட்டுமே மாறும் மெனுவைக் கேஷில் வைப்பதே நல்லது.

பெயர் மோதல் இன்னும் தொல்லையானது. ‘ரெண்டர்’ செய்யும்போது வியூ தரும் மதிப்புக்கே முன்னுரிமை. வாசகர் கடிதங்களைக் காட்டும் வியூ ஒன்று அவற்றை ‘மெசேஜஸ்’ என்ற பெயரில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘சேமிக்கப்பட்டது’ போன்ற அறிவிப்புகளுக்கு ஜாங்கோ பயன்படுத்துவதும் அதே பெயர்தான். அந்தப் பக்கத்தில் அறிவிப்பு மறைந்துபோகும். யாரும் படிக்காததால் அழியாமல் காத்திருந்து, சம்பந்தமே இல்லாத அடுத்த பக்கத்தில் வந்து நிற்கும். எர்ரர் எதுவும் வராது, தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். ‘தள_மெனு’ என்பதுபோல முன்னொட்டு வைத்துப் பெயரிட்டால் இந்த வம்பே இல்லை.

மின்னஞ்சலுக்காக டெம்ப்ளேட்டை ரிக்வெஸ்ட் இல்லாமல் ரெண்டர் செய்தால் பிராசஸர்கள் ஓடவே ஓடாது. தளத்தின் பெயர் அங்கே வெற்றிடமாக வரும். கையால் அனுப்பத்தான் வேண்டும்.

ஜாங்கோ போன்ற இன்னொரு வெப் ஃபிரேம்வொர்க்கான ஃபிளாஸ்க்கிலும் இதே பெயரில் ஒரு டெக்கரேட்டர் உண்டு. ஆனால் அதன் டெம்ப்ளேட் எஞ்சினான ஜின்ஜாவில் ‘இம்போர்ட்’ செய்த மேக்ரோவுக்கு இந்த மதிப்புகள் தெரியாது. ‘வித் காண்டெக்ஸ்ட்’ என்று சேர்த்து இம்போர்ட் செய்ய வேண்டும்.