மீண்டும் கல்லானது ஏன்?

புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' (1943) சிறுகதையின் இறுதியில் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். வாசகரைத் திடுக்கிடச் செய்யும் உத்தி இது என்று நம் வகுப்பு நண்பர் சிலர் கூறுவர். எனக்கு அது உடன்பாடன்று.

வான்மீகியின் அகலிகை கல்லாவதில்லை. எவர் கண்ணுக்கும் புலப்படாமல் சாம்பலில் கிடக்கிறாள். கம்பரின் அகலிகையோ கல்லாகிறாள். அந்தக் கல்லையே புதுமைப்பித்தன் குறியீடாக எடுத்துக்கொண்டார்.

சாபம் நீங்கியும் அகலிகைக்கு நிம்மதியில்லை. எதிர்ப்படும் ஆடவரெல்லாம் இந்திரனோ என அஞ்சுகிறாள். அவளுக்கிருந்த பெரும் பற்றுக்கோடு, தன்னைக் குற்றவாளியாகப் பாராத இராமன். அவன் கேட்டதற்காகத் தீக்குளித்ததைச் சீதையே வந்து சொல்கிறாள். அதையும் அமைதியாகச் சொல்கிறாள். அழுது சொல்லியிருந்தால் இவ்வளவு உறைத்திராது. தனக்கு ஒரு நீதி, அவனுக்கு ஒரு நீதியா என்று அகலிகையின் நெஞ்சு கொதிக்கிறது.

முதன்முறை அவளைக் கல்லாக்கியது கோதமனின் சினம். இம்முறை சபிப்பார் எவருமிலர். முன்பு தண்டனையாயிருந்த கல் இப்போது புகலிடமாகிறது. இம்முரணை ஆசிரியர் ஒரு சொல்லாலும் விளக்கவில்லை.

கோதமன்பாலும் எனக்கு இரக்கமுண்டு. அவன் மனம் மாறியவன். ஆயினும் தேற்ற வந்த அவனும் அவள் கண்ணுக்கு இந்திரனாகவே தோன்றுகிறான்.