பிறருக்காக முடிவு செய்யும்போது

பிள்ளைக்காகத் தகப்பனும், முதிய தாய்க்காக மகனும், எத்தீம் பிள்ளைகளின் பொருளுக்காக அதைக் காப்பவரும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவ்வேளையில் நம்மில் பலர், "இவருக்கு எது நலம்?" என்று கேட்பதை விட்டு, "எதைச் செய்தால் நம்மேல் பழி வராது?" என்று கேட்டுவிடுகிறோம். இவ்விரண்டும் ஒரே கேள்வியன்று. ஒரு வரலாற்று நிகழ்ச்சியைக் கொண்டு இதை ஆராய்வோம்.

தடுப்பூசி தோன்றுவதற்கு முன்னர், வைசூரிக் கொப்புளத்துச் சீழைச் சிறிதளவு எடுத்து, நலமாயிருப்பவரின் தோலைக் கீறி வைக்கும் முறை துருக்கி முதலிய நாடுகளில் இருந்தது. இதனால் அம்மை பெரும்பாலும் இலேசாகவே கண்டு நீங்கும். பின்னர் அந்நோய் வராது. ஆயினும் சிலர் இதனாலேயே இறந்தனர். 1721-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வைசூரி பரவிற்று. தானாக நோய் கண்டவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் மாண்டனர். கீறி வைத்துக்கொண்டவர்களிலோ நாற்பது பேருக்கு ஒருவரே மாண்டனர்.

இம்முறையை ஆதரித்தவர்களுள் ஒருவர் அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின். அவருடைய மகனுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததால், உடல் தேறியபின் கீறி வைக்கலாமென்று தள்ளிவைத்தார். 1736-ல் அந்த நான்கு வயதுப் பாலகன் வைசூரிக்குப் பலியானான். அத்துயரம் அவரை நெடுநாள் வாட்டியது. பிற்காலத்தில் அவர் பெற்றோருக்குக் கூறிய கருத்து இதுதான்: செய்து இழந்தாலும், செய்யாமல் இழந்தாலும் துயரம் ஒன்றே, ஆதலின் ஆபத்துக் குறைந்த வழியையே தேர்ந்துகொள்ளுங்கள்.

நம் கை செய்த தீங்கு கண்முன் நிற்கிறது. செய்யாமல் விட்டதால் வந்த தீங்கை விதியென்று சொல்லித் தப்பிக்கொள்கிறோம். 1990-ல் ரிட்டோவ், பாரன் என்னும் ஆய்வாளர்கள் ஒரு கற்பனை நோயைச் சொல்லிப் பலரை வினவினர். தடுப்பு மருந்தின் ஆபத்து நோயின் ஆபத்தைவிடக் குறைவு என்று தெரிந்தும், பிள்ளைக்கு அதைக் கொடுக்கப் பலர் தயங்கினர்.

வைசூரி உலகில் ஒழிந்ததென 1980-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தகப்பன் நின்ற இடத்தில் நாம் இன்றும் நிற்கிறோம். ஆகவே மூன்றை நினைவிற் கொள்வோம்.

1. செய்வதன் ஆபத்தையும் செய்யாமையின் ஆபத்தையும் ஒரே தராசில் நிறுப்போம். பிறர் பொருளைச் சூதுபோல் வியாபாரத்தில் போடுவது தவறு. பெட்டியில் பூட்டிவைத்தாலும் விலைவாசி உயர உயர அதன் மதிப்புத் தேய்கிறது.

2. தள்ளிப்போடுவதும் ஒரு முடிவே. ஏன், எதுவரை என்று வரையறுத்துத் தள்ளிப்போடுவோம்.

3. இழப்பு யாருக்கோ, அவர் சொல்லக்கூடியவராயின் அவரையே முதலில் கேட்போம்.

பிறர் நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் பெயரைக் காப்பதற்காக அதை இழக்கலாகாது.