நாய் ஏன் சொறிகிறது?

பெங்களூரில் பக் நாய் வளர்ப்போர் நிறைய. 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் வந்த நாய் இதுதான். பார்க்க அழகு. தோல்தான் சீக்கிரம் கெடும்.

அல்சூரில் ஒரு வீட்டு நாய் விடாமல் சொறிந்தது. முடி கொட்டியது. வீட்டு அம்மா தினமும் தம் சோப்பையே போட்டுக் குளிப்பாட்டினார். தோல் காய்ந்து புண்ணானது.

"பிள்ளைகளுக்கு ஒட்டும். தெருவில் விடுங்கள்" என்றனர் அக்கம்பக்கத்தார். அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஹெப்பால் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்.

டாக்டர் நாயைச் சீப்பால் வாரினார். கறுப்புத் தூள் உதிர்ந்தது. ஈரப் பஞ்சில் வைத்தார். பஞ்சு சிவந்தது!

"இது தெள்ளுப்பூச்சியின் கழிவு. அது குடித்த ரத்தம். தெள்ளின் எச்சில் இந்த நாய்க்கு ஒத்துக்கொள்ளாது. இந்த ஒவ்வாமை யாருக்கும் ஒட்டாது."

எடை பார்த்து மருந்து கொடுத்தார். தெள்ளின் முட்டை படுக்கையிலும் இருக்கும். அதனால் சாக்கை வெந்நீரில் துவைக்கச் சொன்னார்.

"இனி வராதா, டாக்டர்?"

"தெள்ளு வந்தால் வரும், அம்மா. வாரம் ஒருமுறை சீப்பால் வாரிப் பாருங்கள்."