கண்ணுக்குத் தெரியாத எல்லையில் காவல்

இந்த மாதப் பாடம்



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து, எல்லோரும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருந்தோம். அப்போது ஒரு உறுப்பினர் என்னிடம் வந்து கேட்டார். “ஏங்கக்கா, எம் மக காலேஜுல கம்ப்யூட்டர் படிக்கிறா. படிச்சு முடிச்சதும் நாட்டுப் பாதுகாப்பு வேலைக்குப் போவேங்குறா. மிலிட்டரிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னக்கா சம்பந்தம்? பொம்பளப் புள்ள கையில துப்பாக்கியக் குடுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு.”

பக்கத்தில் நின்றவர், “குடுத்தாத்தான் என்ன அத்தாச்சி, தூக்கட்டுமே” என்றார். எல்லோரும் சிரித்து விட்டோம். ஆனால் அந்தத் தாய் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்த மாதப் பாடம். படிக்கத் தெரிந்தவர்கள் குழுக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எதற்கு இந்தக் காவல்?

முன்பெல்லாம் எதிரி மலை வழியாகவோ கடல் வழியாகவோ வர வேண்டும். இன்று கம்பி வழியாகவும் வரலாம். நம் வீட்டுக் கரண்டு, வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் பின்னால் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதைக் கெடுத்து விட்டால் ஒரு குண்டு கூடப் போடாமல் ஊரை நிறுத்தி விடலாம்.

2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் இப்படி நடந்தது. யாரோ வெளியிலிருந்து புகுந்து கம்ப்யூட்டர்களில் இருந்த விவரங்களைப் பூட்டு போட்டது போல் முடக்கி விட்டார்கள். சீட்டு எழுதுவது, ரத்தப் பரிசோதனை முடிவு கொடுப்பது எல்லாம் பல நாட்கள் கையால்தான் நடந்தது. தூரத்து ஊர்களிலிருந்து நோயாளியைக் கூட்டிக் கொண்டு வந்தவர்கள் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட ஆபத்து வருவதற்கு முன்பே அதன் வாடையைப் பிடித்து, யார் வரப் போகிறார்கள், எந்த வழியாக வருவார்கள், எதைத் தேடுகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வது ஒரு தனி வேலை. இணைய அச்சுறுத்தல் உளவு ஆய்வாளர் என்பது அந்த வேலையின் பெயர். பெயர் பெரிதாக இருக்கிறது. நம் பாஷையில் சொன்னால் கம்ப்யூட்டரில் துப்புத் துலக்குபவர்.

கூடங்குளத்தில் நடந்தது

இந்த வேலையைப் புரிந்து கொள்ள டெல்லி வரை போக வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருப்பது நமக்குத் தெரியும். 2019ஆம் ஆண்டு அங்கே ஒரு கம்ப்யூட்டருக்குள் திருட்டு புரோகிராம் ஒன்று புகுந்தது.

அதன் பெயர் டிட்ராக். இது எதையும் உடைக்காது, சத்தம் போடாது. ஓரமாக உட்கார்ந்து கொண்டு, நீங்கள் எந்த எழுத்தைத் தட்டுகிறீர்கள், எந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள், கம்ப்யூட்டரில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று குறித்துக் கொண்டே இருக்கும். வேலைக்காரன் வேஷத்தில் வந்து பீரோ சாவி எங்கே என்று நோட்டம் பார்க்கிறவன் மாதிரி.

வெளியில் இருந்த சிலர் இதைக் கவனித்தார்கள். முன்பு என்.டி.ஆர்.ஓ. என்ற மத்திய அரசின் தொழில்நுட்ப உளவு அமைப்பில் வேலை பார்த்த புக்ராஜ் சிங் என்பவருக்குத் தகவல் வந்தது. அவர் செப்டம்பர் முதல் வாரத்தில் தேசிய இணையப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவித்தார். செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு செப்டம்பர் 4ஆம் தேதி இதைக் கவனித்து அணுமின் கழகத்துக்குச் சொன்னது. அணுசக்தித் துறையின் நிபுணர்கள் விசாரணையில் இறங்கினார்கள்.

பொது மக்களுக்கு விஷயம் தெரிந்தது அக்டோபர் 28ஆம் தேதிக்குப் பிறகுதான். அந்தத் திருட்டு புரோகிராமின் ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதற்குள்ளேயே ‘கே.கே.என்.பி.பி.’ என்ற எழுத்துகள் இருப்பதைக் கண்டார்கள். அது கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கம். அதாவது இது வழி தவறி வந்த வைரஸ் இல்லை. வீட்டு விலாசத்தைக் கையில் வைத்துக் கொண்டு வந்த திருடன்.

அக்டோபர் 29ஆம் தேதி மின் நிலையத்தின் சார்பில், இப்படிப்பட்ட தாக்குதல் நடக்க வாய்ப்பே இல்லை என்று அறிக்கை வந்தது. மறுநாள் 30ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் திருட்டு புரோகிராம் வந்தது உண்மைதான் என்று ஒப்புக் கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒருவரின் கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது என்றும், அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பு இல்லை என்றும் சொன்னது.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, உலை ஓடும் கம்ப்யூட்டரையும் ஆபீஸ் கம்ப்யூட்டரையும் ஒன்றாகச் சேர்க்காமல் வைத்திருந்தது. விதை நெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் ஒரே குதிரில் கொட்ட மாட்டோம் இல்லையா? அது மாதிரி. இரண்டாவது, பார்த்தவர் வாயை மூடிக் கொண்டு இருக்காமல், சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னது.

துப்பு எப்படித் துலங்குகிறது?

டிட்ராக்கை யார் அனுப்பினார்கள்? காஸ்பர்ஸ்கி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2019 செப்டம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. இந்திய ஏ.டி.எம். மெஷின்களில் கார்டு விவரங்களைத் திருடும் புரோகிராம் ஒன்றை அவர்கள் 2018லேயே பார்த்திருந்தார்கள். அதற்கும் டிட்ராக்குக்கும் உறவு இருந்தது. 2013இல் தென்கொரியாவைத் தாக்கிய புரோகிராமின் சாயலும் இருந்தது. அதை வைத்து, வடகொரியாவோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் லாசரஸ் என்ற கும்பலின் கை இது என்று சொன்னார்கள். நம் ஏ.டி.எம். கார்டைக் குறி வைத்த கையும், மின் நிலையத்தில் நோட்டம் பார்த்த கையும் ஒரே கும்பலின் கையாக இருக்கலாம்.

மார்கழியில் தெருவில் நடந்தால், கோலத்தின் வளைவைப் பார்த்தே இது யார் வீட்டுப் பெண் போட்டது என்று சொல்லி விடுவோம். புரோகிராம் எழுதுபவனுக்கும் அப்படி ஒரு கைப்பழக்கம் உண்டு. அதைப் பிடிப்பதுதான் ஆய்வாளரின் திறமை. அந்த வேலையில் நான்கு படிகள் இருக்கின்றன.

1. சேகரிப்பது. எந்தக் கம்ப்யூட்டருக்கு எங்கிருந்து யார் வந்தார்கள் என்ற குறிப்பு, சந்தேகமான இ-மெயில், பிடிபட்ட திருட்டு புரோகிராம் எல்லாவற்றையும் சேர்ப்பது.

2. ஒப்பிட்டுப் பார்ப்பது. பழைய சம்பவத்தோடு புதியதை வைத்துப் பார்ப்பது.

3. எடை போடுவது. இது முக்கியமான படி. வந்த தகவலை அப்படியே நம்பக் கூடாது. சொன்னவர் எவ்வளவு நம்பகமானவர் என்பதற்கு ஏ முதல் எஃப் வரை ஆறு தரம், தகவல் எவ்வளவு உறுதியானது என்பதற்கு 1 முதல் 6 வரை எண் போடும் முறை ராணுவங்களில் உண்டு. நல்லவர் சொன்ன தகவலும் தவறாக இருக்கலாம், பொய்யன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம் என்பதால்தான் இரண்டையும் தனித்தனியாக எடை போடுகிறார்கள். நம் ஊரில் “ஆமாமாம், எனக்கும் சொன்னாக” என்று நான்கு பேர் சொன்னாலே உண்மையாகி விடுகிறது. நான்கு பேருக்கும் சொன்னவர் ஒரே ஆளாக இருக்கலாம் என்று நாம் யோசிப்பதில்லை.

4. எச்சரிப்பது. யாருக்குச் சொல்வது என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. டிராபிக் சிக்னல் போல நிறம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் கேட்டவர் காதோடு நிற்க வேண்டும். மஞ்சள் என்றால் தேவைப்படுகிறவருக்கு மட்டும். பச்சை என்றால் அந்தத் துறையில் இருப்பவர்கள் பகிரலாம். நிறமில்லை என்றால் ஊருக்கே சொல்லலாம்.

வெட்கம் திருடனுக்கு லாபம்

ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு சகோதரிக்குப் போன் வந்தது. “உங்க குழு லோன் பாஸாகிருச்சு, செல்லுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்கம்மா” என்றான் ஒருவன். சொல்லி விட்டார். ஆடு விற்றுப் போட்டிருந்த 18,000 ரூபாய் போய் விட்டது. வீட்டுக்காரர் திட்டுவார், குழுவில் சிரிப்பார்கள் என்று ஒரு வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வாரத்துக்குள் அதே குழுவில் இன்னொரு சகோதரிக்கும் அதே போன், அதே பேச்சு. அவர் பணமும் போனது. “நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேனே அக்கா” என்று அவர் அழுதபோது முதல் சகோதரிக்குப் பணம் போனதை விட அதுதான் பெரிய வலியாக இருந்தது.

ஏமாந்தது அவர் குற்றம் இல்லை. படித்தவர்களும் பெரிய அதிகாரிகளும் ஏமாறுகிறார்கள். ஆனால் சொல்லாமல் மறைத்தால் அடுத்தவர் மாட்டுகிறார். கூடங்குளமானாலும் நம் குழுவானாலும் கணக்கு ஒன்றுதான். முதல் ஆள் சீக்கிரம் சொன்னால் இரண்டாவது ஆள் தப்பிப்பார்.

பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே எண். திருடன் பணத்தை எடுத்து விடுவதற்குள் அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க முயற்சி எடுப்பார்கள். அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். உங்கள் வங்கிக் கிளைக்கும் சொல்லுங்கள். போன் வந்த எண், நேரம், போன தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாள்தான் ஆய்வாளருக்குத் துப்பு.

ராணுவத்தில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு

நம் மாவட்டத்திலிருந்து ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் போன பிள்ளைகள் பலர். எதிரி நாட்டு உளவாளி அவர்களைத் தேடும்போது குடும்பத்தாரின் செல்போனில் இருந்தும் தொடங்கலாம். 2020 ஜூலையில் இந்திய ராணுவம் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனில் இருந்து நீக்கச் சொல்லி வீரர்களுக்கு உத்தரவு போட்டது. அப்படி இருக்க, மகன் எந்த முகாமில் இருக்கிறான், எப்போது ரயில் ஏறுகிறான், எந்த எல்லைக்கு மாற்றல் என்று நாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாமா? சீருடையில் இருக்கும் போட்டோவைப் போடுவதற்கு முன்பு மகனிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். பெருமை மனசுக்குள் இருக்கட்டும்.

நம் பெண்கள் இந்த வேலைக்குப் போக முடியுமா?

போகலாம். நாட்டில் இதற்கென்று அமைப்புகள் இருக்கின்றன. செர்ட்-இன், என்.டி.ஆர்.ஓ. இரண்டும் 2004இல் வந்தவை. மின்சாரம், வங்கி, போக்குவரத்து போன்ற முக்கியமான கம்ப்யூட்டர் அமைப்புகளைக் காக்க என்.சி.ஐ.ஐ.பி.சி. என்ற மையம் 2014இல் அமைந்தது. முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு சைபர் முகமை 2019இல் செயல்படத் தொடங்கியது. ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் உட்படப் பல பிரிவுகளில் பெண் அதிகாரிகள் நிரந்தரப் பணிக்குத் தகுதியானவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17இல் தீர்ப்புச் சொன்னது.

கணிப்பொறியில் பட்டப்படிப்பு நல்ல அடித்தளம். பிளஸ் டூவில் கணக்குப் பாடத்தைப் பயந்து விட வேண்டாம். டி.ஆர்.டி.ஓ. போன்ற இடங்களில் விஞ்ஞானி வேலைக்கு ‘கேட்’ தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். செலவுக்குப் பயந்து படிப்பை நிறுத்தாதீர்கள். 2021இல் வந்த தமிழ்நாடு சட்டப்படி அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்பட்டது. அதற்கான விவரங்களைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

பெண்ணைப் பெற்றவர்கள் ஒன்றையும் தெரிந்து கொள்ள வேண்டும். இது இரவுப் பணியும் உள்ள வேலை. மகள் என்ன வேலை பார்த்தாள் என்று வீட்டில் சொல்ல மாட்டாள். கண்டுபிடித்ததற்குப் பேப்பரில் போட்டோ வராது. சொன்ன எச்சரிக்கை தவறாகப் போனால் திட்டும் விழும். பொறுமையும், சந்தேகப்பட்டுக் கேட்கும் குணமும், உள்ளதை உள்ளபடி எழுதும் நேர்மையும் வேண்டும். குழுக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் முதலிலிருந்து கூட்டிப் பார்க்கும் நம் ஊக்குநர்களுக்கு இது புதிய குணம் இல்லை.

1991இல் நம் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொண்டார்கள். “பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?” என்று கேட்டவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். இன்று அந்தச் சைக்கிள் ஓட்டிய கைகளின் பேத்திகள் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார்கள். அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: “உங்க மக கையில துப்பாக்கி இருக்காதும்மா. ஆனா காவக்காரிதான். போகட்டும், விடுங்க.”

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. உங்கள் குழுவில் யாருக்காவது ஏமாற்றுப் போன் வந்திருக்கிறதா? திட்டாமல், சிரிக்காமல் கேளுங்கள்.

2. “கேள்விப்பட்டேன்”, “பார்த்தேன்”, “விசாரித்துத் தெரிந்து கொண்டேன்” இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வதந்தியை எடுத்துக் கொண்டு பேசிப் பாருங்கள்.

3. சந்தேகமான போன் வந்தால் அன்றே மற்ற உறுப்பினர்களுக்குச் சொல்லும் பொறுப்பை யார் எடுத்துக் கொள்வது? அவர் பெயரைத் தீர்மானமாக எழுதி, 1930 என்ற எண்ணைக் கூட்டம் நடக்கும் இடத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.