சின்னத் தொட்டிக்கு ஏற்ற வண்ண மீன்

கடைக்குக் கிளம்புமுன் தொட்டியை அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் எத்தனை லிட்டர் என்று தெரியும். 45, 30, 30 அளவுத் தொட்டி என்றால் 40 லிட்டர். மணல் பரப்பி, மேலே கொஞ்சம் இடம் விட்டால் மீனுக்கு உண்மையில் கிடைப்பது 30 லிட்டர்தான்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் பல மீன்கள் பட்டியலிலிருந்து தாமாகவே விலகும். விரல் நீளத்தில் மினுமினுக்கும் லுவோஹான் குஞ்சு ஓர் அடி வரை வளரும், ஆஸ்காரும் அப்படித்தான். தங்கமீன் கழிவு அதிகம் போடும். முத்து கோராமி நம் மலேசியத் தீபகற்பத்திலும் வாழும் அழகு, ஆனால் 10 சென்டிமீட்டரைத் தாண்டும் என்பதால் அதற்குப் பெரிய தொட்டி வேண்டும். குட்டைக் கோராமிக்கு அளவு பொருந்தும். ஆனால் பண்ணை மீன்களில் அதற்கென்றே ஒரு வைரஸ் நோய் பரவியிருக்கிறது, மருந்தும் கிடையாது.

கெடாவின் லூனாஸ் வீடுகளின் சிறு தொட்டிக்கு நான் சொல்வது சண்டை மீனைத்தான். நம் வெயிலில் அதற்கு ஹீட்டர் தேவையில்லை. நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும் உறுப்பு அதற்கு உண்டு. கடைகளில் அதிகம் காண்பது சியாமியச் சண்டை மீன். 2019இல் தாய்லாந்து அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அதன் நெருங்கிய உறவான பெத்தா இம்பெல்லிஸ் நம் கெடாவுக்கும் பினாங்குக்கும் சொந்தமானது. நெல் வயலிலும் சதுப்பிலும் வாய்க்காலிலும் வாழும் இந்த 5 சென்டிமீட்டர் மீனை 1975இல்தான் அறிவியல் தனி இனமாகப் பதிவு செய்தது. கறுத்த உடலில் நீலமும் பச்சையும் மின்னும், வால் ஓரத்தில் சிவப்புப் பிறை ஓடும். குணமும் சற்றுச் சாந்தம், ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி வைக்கலாம். கிடைத்தால் இதையே வாங்குங்கள். நம் ஊர் மீனை நம் பிள்ளைகள் பார்த்து வளர வேண்டும்.

மீனை வாங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே தொட்டியைத் தயார் செய்ய வேண்டும். இதில் அவசரப்படுவதால் பல மீன்கள் சாகின்றன. குழாய் நீரில் குளோரின் எதிர்ப்புச் சொட்டு விட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதைத் தின்னும் பாக்டீரியா மெல்ல ஃபில்டரில் குடியேறும். சோதனைச் சொட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் வரலாம். மணல் கறுப்பாகவும் செடி அடர்த்தியாகவும் இருந்தால் நிறம் எடுப்பாகத் தெரியும். காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்று போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், சண்டை மீனுக்கு அது பிடிக்கும்.

கடையில் நிறத்துக்கு முன் நடத்தையைப் பாருங்கள். கண்ணாடிக்கு அருகே விரல் வைத்தால் திரும்பிப் பார்க்கிறதா, துடுப்பு விரிந்திருக்கிறதா, உடலில் வெள்ளைப் புள்ளி உண்டா, செதில் சிலிர்த்து நிற்கிறதா? தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்; தின்னாத மீன் வேண்டாம். மிக நீண்ட வால் மீனைக் களைப்பாக்கும், குட்டை வால் பிளாக்காட் வகை சுறுசுறுப்பாக நீந்தும்.

வீட்டுக்கு வந்ததும் பையை கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்த பின், வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். துள்ளிக் குதிக்கும் மீன் இது, மூடி அவசியம். மூடிக்கும் நீருக்கும் நடுவே காற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

துணைக்கு ஆறு ஹார்லிகுவின் ராஸ்போரா போதும். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். வால் விரிந்த கப்பியைச் சண்டை மீன் எதிரியாக நினைக்கும். இன்னோர் ஆண் சண்டை மீன் கூடவே கூடாது.

ஒரு நாளுக்குச் சில தீனி மணிகள், வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றம். வளர்க்க முடியாமல் போனால் கடையிலோ நண்பரிடமோ கொடுங்கள், லோங்காங்கில் விடாதீர்கள். கடைச் சண்டை மீன் வயல் இம்பெல்லிஸுடன் கலந்து குஞ்சு பொரிக்கும். அப்புறம் அசல் கெடா மீன் எங்கும் மிஞ்சாது.