முதுமையில் பாடிய பாப் டிலன்

கேள்வி: புகழ்பெற்ற ராக், நாட்டுப்பாடல் கலைஞர்கள் முதுமையில் வெளியிடும் ஆல்பங்கள் பழையவற்றுக்கு ஈடாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆவதில்லை, ஆயினும், 2012-க்குப் பிறகு தாம் இயற்றிய புதிய பாடல்களால் அமைந்த ஆல்பம் எதனையும் அளிக்காதிருந்த பாப் டிலன், தமது 79-ஆம் வயதில், 2020-இல் வெளியிட்ட 'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்' ஓர் அபூர்வ சிருஷ்டி என்பது என் திடமான அபிப்பிராயம். சாரீரம் கரகரத்துப் போனபின், வாத்தியங்களை அடக்கி, ஏறக்குறைய வசனம் போலவே சொற்களை நிறுத்தி நிதானித்து அவர் உச்சரிக்கும் முறையில், இளமைக் குரலில் இல்லாத ஒரு கம்பீரம் பிறந்திருக்கிறது. ஜனாதிபதி கென்னடி 1963-இல் கொலையுண்டதைப் பற்றி ஏறத்தாழ 17 நிமிஷம் நீளும் இறுதிப் பாடல், துக்கத்தில் தொடங்கிப் பழைய இசைவாணர்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போவது சிலருக்குச் சலிப்பூட்டலாம். எனக்கோ அது ஒரு யுகத்துக்குச் செய்த சிராத்தமாகவே தோன்றுகிறது. அப்பாடலை இடையில் நிறுத்தாமல், முழுமையாக ஒருமுறை கேளுங்கள்.