கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார்

குடகு மலையிற் பிறந்து, நெடுந்தொலைவு தெற்கு நோக்கி இறங்கிவரும் காவிரியாறு, கிழக்கு நோக்கித் திரும்பும் இடத்தில் அமைந்துள்ளது கொடுமுடி. தேவாரத்தில் பாண்டிக் கொடுமுடி என்று வழங்கப்பெறும் இவ்வூரில்தான் சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகத்தைப் பாடியருளினார். பாட்டாற் பெயர்பெற்ற அவ்வூரில் 1908-ஆம் ஆண்டில், பாலாம்பாள் என்னும் ஏழைத் தாயின் மகளாகச் சுந்தராம்பாள் பிறந்தார். பிற்காலத்தில் நாடெங்கும் அவரைக் கே. பி. சுந்தராம்பாள் என்றே அழைத்தனர். அவ்விரண்டு முதலெழுத்துகளுள் ஒன்று ஊரையும் மற்றொன்று தாயையும் குறிப்பன. தந்தையின் துணையின்றித் தாயொருத்தியின் உழைப்பிலேயே நின்ற குடும்பம் அது.

பள்ளியில் நெடுங்காலம் கற்கும் வாய்ப்பு அச்சிறுமிக்குக் கிட்டவில்லை. வறுமை மிகுதியால் அவர் புகைவண்டியிற் பாடிப் பயணிகள் ஈந்த சிறு காசுகளைத் தாயிடம் கொண்டுவந்து கொடுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஓடும் வண்டியின் இரைச்சலை மீறிப் பாடினாலன்றிக் காசு விழாது. இசையாசிரியர் எவரும் அமைத்துத் தர இயலாத கடும்பயிற்சியாக அது முடிந்தது. அவர் பாட்டைக் கேட்டு வியந்தவர் ஒருவரின் பரிந்துரையால், வேலு நாயர் நடத்திய நாடகக் குழுவில் இளமையிலேயே அவர் சேர்க்கப்பெற்றார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் மூத்த மகனாக வேடம் பூண்டு அவர் பாடியபோது கேட்டோர் கண்ணீர் உகுத்தனர் என்பர். பசி என்பது அவர் பிறரிடம் கேட்டறிந்து நடிக்க வேண்டிய பொருளாக இருக்கவில்லை.

அந்நாளைய நாடகமேடை எத்தகையது என்பதை இக்கால மாணவர் சற்று மனத்தாற் காண வேண்டும். கீற்றுக் கொட்டகை, மணல் பரப்பிய தரை, காஸ் விளக்கின் வெள்ளொளி. இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் பொழுது புலரும் வேளையில்தான் முடியும். ஒலிபெருக்கி இல்லை. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மேடையோரத்தில் அமர்ந்திருப்பர். நடிகர் தொண்டை ஒன்றே, முன்வரிசை நாற்காலிகளைக் கடந்து, கடைசியில் தரையில் அமர்ந்திருக்கும் உழவரின் செவி வரையில் சென்று சேர வேண்டும். சொல் தெளிவாக விளங்காவிடில் அவ்வுழவர் சும்மா இரார், எழுந்து கூவுவார். ழகரமும் ளகரமும் தம்முள் மயங்காமல், ஒவ்வோர் எழுத்தும் அறுத்து வைத்தாற்போல ஒலிக்கும் சுந்தராம்பாளின் உச்சரிப்பு, இலக்கணம் ஓதி வந்ததன்று. கொட்டகையின் கடைசி வரிசை கற்பித்தது. தமிழ் கற்றோருள்ளும் பலரிடம் காணாத தூய்மை அது.

ஸ்பெஷல் நாடகம் என்று வழங்கிய மற்றொரு வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. வெவ்வேறு ஊர்களில் வாழும் நடிகர்கள் ஒப்பந்தத்தின்பேரில் ஓரிரவுக்கு மட்டும் ஓரிடத்திற் கூடுவர். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களின் பாடல்களும் உரைகளும் எல்லார்க்கும் மனப்பாடமாக இருந்தமையால், முன்பின் கண்டறியாதோரும் ஒரே மேடையில் தலைவனும் தலைவியுமாக நடிக்க முடிந்தது. வள்ளி திருமணத்தில் தினைப்புனங் காக்கும் வள்ளிக்கும் வேடனாக வரும் முருகனுக்கும் இடையே நிகழும் தருக்கம், ஏட்டில் இருந்தவாறே முடிவதன்று. ஒருவர் தொடுக்கும் வினாவுக்கு மற்றவர் அவ்விடத்திலேயே விடை கண்டு, பாட்டாலும் பழமொழியாலும் எதிருரைக்க வேண்டும். அதில் தோற்றவர்க்கு அடுத்த ஊரில் அழைப்பு இராது.

இத்தகைய நாடகம் ஒன்றிற்காகவே 1926-ஆம் ஆண்டளவில் கொழும்பு நகரில், செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் எதிரெதிரே நின்றனர். கிட்டப்பா 1906-ஆம் ஆண்டில் பிறந்தவர். குழந்தைப் பருவந்தொட்டே மேடையேறியவர். கன்னையா நாடகக் குழுவின் தசாவதாரம் என்னும் நாடகத்தாற் பெரும்புகழ் எய்தியவர். ஆண்மக்கள் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டைச் சுருதியிற் பாடுவதே பெருவழக்கு. கிட்டப்பாவோ பெண்பாடகர்க்கு இயல்பாய் அமையும் உயர்ந்த சுருதியிலேயே தடையின்றிப் பாடும் ஆற்றல் பெற்றிருந்தார். எனவே, ஓர் ஆர்மோனியம் ஒரே சுருதியில் ஒலிக்க, இருவரும் விட்டுக்கொடாமற் பாட இயன்றது. ஒருவர் ஏறிய படிக்கு மற்றவரும் ஏறுவார். அவையோர் மீண்டும் ஒருமுறை என்று ஆர்ப்பரிப்பர். விடிந்தபின்னும் வள்ளியின் திருமணம் முடியாது.

மேடையில் இணைந்த இருவரும் 1927-ஆம் ஆண்டில் வாழ்விலும் இணைந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவியார் இருந்தார், குலமும் வேறு. ஆதலின் ஊரார் பேச்சுக்குக் குறைவில்லை. இல்வாழ்க்கையில் இடையிடையே பிணக்கும் பிரிவும் நேர்ந்தன என்பதை மறைத்துக் கூறுதல் வரலாறாகாது. எனினும், மேடையில் அவ்விணைக்கு ஒப்பாரும் மிக்காரும் இலராயினர். அவர்தம் பாடல்கள் இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன. கொட்டகையில் அரைமணி நேரம் விரிந்த பாட்டினை மூன்று நிமிடத்திற் சுருக்கி ஒரு பக்கத்தில் அடக்க வேண்டியிருந்த காலம் அது. அவ்வாறு சுருங்கியும் அப்பாடல்கள் சுவை குன்றவில்லை.

1933-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அன்றுமுதல் அம்மையார் வெண்ணிற ஆடையே உடுத்தினார். அணிகளைத் துறந்தார். நெற்றியில் திருநீறு மட்டும் விளங்கிற்று. இனி எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என்னும் உறுதியையும் மேற்கொண்டு கொடுமுடியில் ஒதுங்கியிருந்தார். நாடகத் தொழிலை மேற்கொண்ட பெண்டிரை உலகம் எவ்வாறு நோக்கிற்று என்பதை எண்ணினால், இவ்வுறுதியின் அருமை புலப்படும். கூத்தாடி என்னும் சொல்லை வசைமொழியாகவே வழங்கிய காலம் அது. இரவெல்லாம் கைதட்டி மகிழ்ந்தோரே, பகலில் அவர்களைத் தம் வீட்டுத் திண்ணையில் அமரச் செய்யத் தயங்குவர். அம்மையாரின் துறவினையும் மேடைப் பாசாங்கென்று சிலர் எண்ணியிருக்கக் கூடும். அவர் எவர்க்கும் மறுமொழி கூறினாரல்லர். ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்த காலம் அவ்வாறே வாழ்ந்தார்.

ஆயினும் பாட்டின்றி அவரால் வாழ்தல் இயலவில்லை. பாட்டை இழக்கத் தமிழ்நாடும் உடன்படவில்லை. நந்தனார் கதையைப் பேசும் படமாக எடுக்க முனைந்தோர் அவரை நாடினர். மறுக்கும் கருத்தோடு அவர் ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர்கள் அதற்கும் இசைந்துவிட்டனர் என்றும் சொல்வதுண்டு. எவ்வாறாயினும் அத்தொகை அவருக்கு அளிக்கப்பெற்றது என்பதும், அதுகேட்டு நாடே வியந்தது என்பதும் உண்மை. 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தில் அம்மையார் ஏற்றது நந்தனார் வேடம். இசைவல்லுநர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். பெண் ஒருத்தி ஆண்வேடம் பூணலாமோ என வினவியோர் இருந்தனர். நாடகமேடையில் பெண்கள் இராஜபார்ட் வேடம் தாங்குவது புதுமையன்று. அம்மையாரும் முன்னர் அவ்வேடங்களை ஏற்றவரே. ஆடவரோடு இணையாக நடியேன் என்றவர்க்குத் தாமே ஆடவராகி நிற்பது உறுதியைக் காக்கும் வழியுமாயிற்று. கோயிலுக்குள் புகக் கூடாதென்று தடுக்கப்பட்ட அடியார் ஒருவரின் ஏக்கத்தை அவர் பாடிக் காட்டியபின் நான்காண்டுகள் கழிந்தே, 1939-இல், மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முடிந்தது என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

நாட்டு விடுதலைப் போராட்டத்திலும் அக்குரல் பங்கு கொண்டது. தாமும் நாடகத்தில் நடித்தவராகிய சத்தியமூர்த்தி, பாட்டின் வலிமையை நன்கறிந்தவர். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவர் பேசிய மேடைகளில் அம்மையார் பாடினார். சொற்பொழிவு விளங்காதோர்க்கும் பாட்டு விளங்கிற்று.

1940-ஆம் ஆண்டில் மணிமேகலை என்னும் படத்தில் அம்மையார் அத்துறவியாகவே தோன்றினார். பின்னர், ஜெமினி நிறுவனத்தார் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஔவையார் என்னும் படம் அவர் பெயரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது. எஸ். எஸ். வாசன் பொருளை வாரி இறைத்துத் தயாரித்த படம் அது. கொத்தமங்கலம் சுப்பு அதனை இயக்கினார். கோட்டையை இடிக்கும் யானைக் கூட்டத்தைக் காணவே பலர் சென்றனர் என்பது மெய்யே. சென்றவர்கள் திரும்பி வருகையில் மனத்திற் கொண்டுவந்தது, கோலூன்றி நடந்த கிழவியின் உருவத்தையும் குரலையும். அம்மையாருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சங்க காலத்து ஔவையார் ஒருவர், ஆத்திசூடி பாடியவர் மற்றொருவர் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. படத்தில் எல்லா ஔவையாரும் ஒருவரே. தமிழாசிரியர்கள் வகுப்பில் எத்தனை முறை திருத்தியும் பயனில்லை. ஆத்திசூடியைப் படிக்கும் பிள்ளைகளின் மனக்கண் முன் சுந்தராம்பாள் அம்மையாரின் முகமே நின்றது.

அதன்பின் 1964-இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள். 1965-இல் திருவிளையாடலிலும் 1967-இல் கந்தன் கருணையிலும் மீண்டும் ஔவையார். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள், கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் சமணத் துறவி. அவ்விளையோர்க்கு நேர்ந்த முடிவைக் கேட்டதும் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தவர். இளமையிலேயே துணையை இழந்தவர் அப்பகுதியை நடித்தபோது, எது நடிப்பு, எது நினைவு என்று பிரித்தறிதல் எளிதன்று.

கணவரை இழந்தபின் அம்மையார் ஏற்ற பெரிய வேடங்களை ஒருங்கே எண்ணிப் பார்க்கலாம். நந்தனார் ஆடவர், மணிமேகலையும் கவுந்தியும் துறவியர், ஔவையார் முதியவர். 1973-ஆம் ஆண்டில் வெளிவந்த காரைக்கால் அம்மையார் படத்திலும், கணவனோடு வாழும் இளமைப் புனிதவதியாக வேறொரு நடிகை நடித்தார். உடலழகை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்ற அம்மையாராகத்தான் சுந்தராம்பாள் தோன்றினார். எவர்க்கும் மனைவியாக அவர் மீண்டும் நடிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாமே வகுத்துக்கொண்ட எல்லையைப் படம் எடுப்போர் எவரும் அழிக்க அவர் இடங்கொடுக்கவில்லை. அவ்வெல்லைக்குள் எஞ்சி நின்றவர்களோ தமிழிலக்கியமும் திருத்தொண்டர் வரலாறும் போற்றும் சான்றோர்கள். பள்ளியில் அதிகம் பயிலாத ஒருவரின் வாய்வழியாகவே ஏடறியா மக்கள் பலர் அவர்களை அறிந்தனர்.

சிறப்புகள் பின்னர்ப் பல வந்தன. 1950-களில் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராக அவர் வீற்றிருந்தார். 1969-ஆம் ஆண்டுப் படமாகிய துணைவனிற் பாடியமைக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது கிடைத்தது. 1970-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. அவ்விருதுகள் வந்தபோது அவர் அறுபதைக் கடந்திருந்தார். அவ்வயதிற் பெரும்பாலோர் குரல் நடுங்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் மட்டும் ஒலிவாங்கிக்குச் சற்றுத் தள்ளி நின்று பாடினாலும் குற்றமில்லை என்று தோன்றுமளவுக்கு அக்குரல் கொட்டகைக் காலத்து உரத்தோடிருந்தது.

1980-ஆம் ஆண்டில் அம்மையார் மறைந்தார். கிட்டப்பா பாடிய இசைத்தட்டுகளும் அம்மையார் பாடியனவும் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. தட்டில் ஊசி கீறும் ஓசைக்கு நடுவே கிட்டப்பா இருபத்தைந்து வயது இளைஞராகவே பாடுகிறார். அம்மையாரின் குரலோ, வள்ளியாய்த் தொடங்கி, நந்தனாராய் ஏங்கி, ஔவையாராய் முதிர்ந்து, ஒவ்வொரு தட்டிலும் வயதேறி வருகிறது.